யாழ்ப்பாணத்து இரவுக்கும் படம் வேண்டும்

2025 ஏப்ரல் 10ஆம் திகதி வசாவிளான் – பலாலி வீதி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறக்குறைய 35 ஆண்டுகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டுக் கிடந்த வீதி அது. திறந்த அன்றே நிபந்தனைகளும் கூடவே வந்தன. காலை 6 மணி தொடக்கம் மாலை 5 மணி வரை மட்டும் போய்வரலாம். இடைவழியில் வாகனத்தை நிறுத்தக்கூடாது. நடந்து போகக்கூடாது. படம் எடுக்கக்கூடாது.

இரவும் படமும் ஒரே அறிவித்தலில் மறுக்கப்பட்டிருந்தன. பொழுதுபட்ட பிறகு ஒரு வீதியில் நிற்பதும், நின்று ஒரு படம் எடுப்பதும் வேறு ஊர்களில் யாரும் யோசித்துப் பார்க்காத சங்கதிகள். குடாநாட்டில் ஒரு தலைமுறைக்கே அவை இரண்டும் கிடைக்கவில்லை. இன்று யாழ்ப்பாண நகரிலும் பெரும்பாலான ஊர்களிலும் இரண்டும் திரும்பக் கிடைத்திருக்கின்றன. கிடைத்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

யாழ்ப்பாணத்தின் பகலுக்குப் படப் பஞ்சம் இல்லை. நல்லூர்க் கோபுரம், கோட்டை மதில், பண்ணைக் கடலில் விழும் வெயில் எல்லாம் ஆயிரமாயிரமாய் இருக்கின்றன. இரவுப் படம் என்று தேடினால் கலியாண மண்டபமும், திருவிழா மின்னலங்காரமும், வெளிச்சம் பாய்ச்சிய பொது நூலகமும் வரும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கஸ்தூரியார் வீதி எப்படி இருந்தது என்று காட்டும் படம் கிடைப்பது அரிது. நகைக்கடைகள் இரும்புக் கதவை இழுத்துவிட்ட பிறகு, கடைசியாய்ப் பூட்டுப் போடும் கடைப்பையன், மூடிய கடை வாசலில் சுருண்டு கிடக்கும் நாய், சந்தியில் சவாரிக்குக் காத்திருக்கும் ஓட்டோக்காரர் ஆகியோரின் யாழ்ப்பாணம் பதிவாகாமலே நாள்தோறும் கழிந்துபோகிறது.

இதைப் பதிய வேண்டும். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கையில் பிடித்த கமராவோ கைத்தொலைபேசியோ போதும். அதைவிட முக்கியம், இரவை இரவாகவே எடுத்துவைப்பது.

ஏன் இவ்வளவு வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது, இந்த மண்ணில் இரவு என்னவாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் விளங்கும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றுபோனது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி கொளுத்திப் படித்த பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகள் எத்தனையோ. எரிபொருளும் பற்றரியும் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்களை வரவேற்றது இரவு ஊரடங்கு. 2002 போர்நிறுத்தம் சில ஆண்டுகள் மூச்சுவிட இடம் தந்தது. 2006 ஓகஸ்ட் 11இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டதோடு ஊரடங்கும் திரும்பியது. 2009இல் போர் முடிந்த பின்னர்தான் இரவு வீதி மெல்ல மெல்ல மக்கள் கைக்கு வந்தது. தேசிய மின்வலையமைப்பு குடாநாட்டை மீண்டும் எட்டியபோது 2013 ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் இரவு என்றால் காதால் அறிந்த ஒன்று. நாய் குரைத்தால் விளக்கை நூர்த்துவிடுவார்கள். சப்பாத்துச் சத்தம் ஒழுங்கையைக் கடக்கும் வரை யாரும் பேசமாட்டார்கள். வீதியில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் படலையைத் திறந்தவர் எவருமில்லை. படம் எடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதற்கு முந்திய நல்ல காலத்துக்கும் இரவுப் படங்கள் அதிகம் இல்லை. பெற்றோமக்ஸ் வெளிச்சத்திலும், பின்னர் மின்குமிழ்ச் சிகரங்களின் ஒளியிலும், விடிய விடிய மேளச்சமா நடந்த கோயில் திருவிழாக்களை முதியவர்கள் இன்றும் வாய் ஓயாமல் சொல்வார்கள். அவற்றில் எடுத்த படங்களைப் பழைய அல்பங்களில் பாருங்கள். நாதஸ்வரக்காரரின் முகம் வெள்ளைவெளேரென்று இருக்கும். அவருக்குப் பின்னால் ஒரே கறுப்பு. பிளாஷ் அடித்தால் அப்படித்தான். எட்டு, பத்து அடிக்குள் நிற்பதை அது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறவைக்கும்; அதற்கப்பால் இருந்த வீதி, பந்தல், கச்சான் கடை, சனம் எல்லாம் இருளில் போய்விடும். ஆளின் முகம் மிஞ்சியது, அவர் நின்ற இரவு மிஞ்சவில்லை.

1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் அழிந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அந்த அழிவின் படங்கள் என்று இன்றும் திரும்பத் திரும்ப நாம் காண்பவை பகல் வெளிச்சத்தில் எடுத்த, கரிபிடித்த சுவர்களின் படங்கள். இரவில் நடந்ததைப் பகல் வந்து சாட்சி சொல்லும் நிலை இந்த ஊருக்குப் பழக்கமாகிவிட்டது.

இரவைப் படம்பிடிப்பது உலகத்தில் எங்குமே நெடுங்காலம் கடினமாகத்தான் இருந்தது. பாரிஸ் நகரின் இரவை 1930களின் தொடக்கத்தில் புத்தகமாக்கிப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் பிரசாய், கண்ணாடித் தகடு போட்ட கமராவை முக்காலியில் நிறுத்தி, சிகரெட் எரிந்து முடியும் நேரத்தை வைத்து வெளிச்சம் விழும் நேரத்தைக் கணக்குப் பார்த்ததாகச் சொல்வார்கள். அவருடைய பாரிசில் கல் பாவிய வீதியும் விளக்குக் கம்பமும் துல்லியமாக இருக்கும். மனிதர்களோ அசையாமல் நின்றுகொடுக்க வேண்டியிருந்தது. 1925இல் சந்தைக்கு வந்த லைக்கா கமராவை ஒரு கைக்குள் அடக்க முடிந்தது. 1954இல் கோடக் நிறுவனம் 35 மில்லிமீற்றரில் கொண்டுவந்த டிரை-எக்ஸ் பிலிம் குறைந்த வெளிச்சத்திலும் ஓரளவு தாக்குப்பிடித்தது. அப்படியும் இரவு வீதியில் கை நடுங்கினால் படம் கலங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டால் இது எளிதில் பிடிபடும். தூரத்தில் ஒரேயொரு விளக்குக் கம்பம் நிற்கும் ஊர் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். 400 ஐ.எஸ்.ஓ. ஒளியுணர்திறன் கொண்ட பிலிமும் நல்ல வெளிச்சம் உள்வாங்கும் லென்சும் இருந்தாலும், ஷட்டர் ஏறக்குறைய கால் செக்கன் திறந்திருக்க வேண்டும். கால் செக்கன் கையை ஆடாமல் வைத்திருக்க அபூர்வமான சிலரால்தான் முடியும். கை ஆடாவிட்டாலும் சைக்கிளில் வருகிறவர் படத்தில் புகையாகிவிடுவார். அதே ஒழுங்கையில் 6400 ஐ.எஸ்.ஓ.வில் 1/60 செக்கன் போதும். சைக்கிளும் தெரியும், அதை மிதிப்பவரும் தெரிவார்.

நம்பத்தகுந்த தரத்தில் 6400 ஐ.எஸ்.ஓ. தரும் நிக்கொன் டி3 கமரா வந்தது 2007இல். போர் முடிந்தது 2009இல். கூகுள் தன் பிக்சல் தொலைபேசிகளில் ‘நைட் சைட்’ வசதியைத் தந்தது 2018 நவம்பரில். ஐபோன் 11 இரவு முறையோடு வந்தது 2019இல். யாழ்ப்பாணத்து இரவு வீதி திறந்த அதே காலத்தில்தான், கையில் பிடித்த கமராவுக்கு இரவில் கண் தெரியத் தொடங்கியிருக்கிறது. முந்திய தலைமுறையிடம் வீதியும் இல்லை, கருவியும் இல்லை. இந்தத் தலைமுறையிடம் இரண்டும் இருக்கின்றன. எடுக்காமல் விட்டால் சொல்லக் காரணம் ஒன்றும் மிஞ்சாது.

முக்காலி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீதியோரம் முக்காலியை விரித்தால் அந்த இடமே மாறிவிடும். போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், கடைக்காரர் சட்டையை இழுத்துவிட்டுச் சிரிப்பார், சீருடைக்காரர் வந்து விசாரிப்பார். கையில் கமராவோடு நடந்து போகிறவர் வீதியில் இன்னொரு ஆள், அவ்வளவுதான். நல்லூரில் இருபத்து மூன்றாம் நாள் சப்பறத் திருவிழாவன்று இது நன்றாகத் தெரியும். நெருக்கியடிக்கும் சனத்துக்குள் முக்காலிக்கு ஒரு சாண் நிலமும் கிடைக்காது. சப்பறத்தின் ஒளி ஒரு பக்கமாய் விழ, தோளில் ஏறியிருந்து கைகூப்பும் குழந்தையை நெஞ்சுயரத்தில் பிடித்த சிறிய கமராதான் எடுக்கும்.

பயிற்சிக்கு யாரும் நல்லூர்த் திருவிழா வரை காத்திருக்க வேண்டியதில்லை. பஸ் நிலையத்தைச் சுற்றி ஏதாவதொரு கொத்துரொட்டிக் கடைக்கு எதிர்ப்புறம் இரவு எட்டு மணிக்குப் போய் நிற்கலாம். தட்டுக்கு மேலே ஒரு ரியூப் லைற் தொங்கும். அதன் வெளிச்சத்தில் ஆவி எழும்பும். கடை வாசலில் நிற்பவர்கள் முக்கால்வாசி நிழல். முதல் தவறு எல்லாருக்கும் ஒன்றுதான்: நிழலில் நிற்பவர்களும் தெரிய வேண்டும் என்று கமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், ரியூப் லைற் வெள்ளைக் கோடாக வெடித்துவிடும், ஆவி காணாமல் போய்விடும். திரையில் விரலை வைத்து வெளிச்சத்தை ஒரு படி இறக்கினால் ஆவி திரும்பி வரும். கொத்துபவரின் முகத்தில் வியர்வை மினுங்கும். நிழலில் நிற்பவர்கள் நிழலாகவே நிற்பார்கள்.

அடுத்தது கை. முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்து, மூடிய கடையொன்றின் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை மெல்ல விட்டபடி அழுத்த வேண்டும். ஒன்றோடு நிற்காமல் நாலைந்து எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக விழும். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் பல மின்விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மின்னுகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கனில் வைத்தால் படத்தில் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டைகள் பெரும்பாலும் வராது. 1/50 செக்கனில் இன்னொரு லாபமும் உண்டு. கொத்துபவரின் முகம் அசையாமல் இருக்க, இரண்டு கையிலும் உள்ள தகடுகள் மட்டும் மங்கலாய் விசிறும். தகடுகள் தட்டும் சத்தத்தைப் படத்தில் காட்ட வேறு வழி இல்லை.

இங்கேதான் தொலைபேசிகளின் இரவு முறையைப் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். ஒரே படத்துக்காக அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, கை நடுக்கத்தால் விலகியவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, இருட்டில் புள்ளி புள்ளியாய் விழும் இரைச்சலைக் கழித்துத் தெளிவாக்குகிறது. கையில் பிடித்தபடியே இருட்டில் எடுக்க முடிவது இந்த வேலையால்தான். அது பெரிய கொடை. ஆனால் அப்படியே விட்டால் அது இரவைப் பின்னேரம் ஆக்கிவிடும். வானம் நீலமாகும். இருண்ட ஒழுங்கையில் வேலியோரத்துப் பூவரசு பச்சைப்பசேலென்று நிற்கும். உண்மையில் அந்த நேரம் அந்த ஒழுங்கையில் நடந்து வந்த ஒரு பெண்ணுக்கு வேலியும் தெரியவில்லை, மதவும் தெரியவில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருட்டைக் கண்டு வேகமாக நடந்தாள். படமோ அங்கே பட்டப்பகல் போல் வெளிச்சம் இருந்ததாகச் சொல்கிறது. நாளைக்குப் பிரதேச சபையில் யாராவது விளக்குக் கேட்டால், அந்தப் படத்தைக் காட்டியே “வெளிச்சம் போதும்தானே” என்று சொல்லிவிடலாம். வெளிச்சத்தை இறக்கி, கண்ணுக்குத் தெரிந்த அளவுக்குக் கொண்டுவந்த படம்தான் அவளுக்குச் சாட்சியாகும்.

எந்த இருட்டையும் அழகு என்று கொண்டாடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மின்சாரத்தைச் சேமிக்க வீதி விளக்குகளையும் அணைக்கச் சொன்னார்கள். எரிபொருளுக்கு இரவிரவாக வரிசையில் கிடந்த மனிதர்களை நாம் எல்லோரும் கண்டோம். அந்த இருட்டு பற்றாக்குறையின் இருட்டு. கார்த்திகை விளக்கீட்டன்று படலைக்கு முன் வாழைக்குற்றி நட்டு, அதன்மேல் சிட்டி வைத்து எண்ணெய் விட்டுக் கொளுத்தும்போது ஒழுங்கையில் தங்கும் இருட்டு வேறு. ஊரடங்கின் இருட்டு இன்னும் வேறு. இந்த மூன்றையும் அனுபவித்த ஊர் இது. மூன்றுக்கும் வித்தியாசம் தெரியும்படி படம் எடுக்கப் பழகிக்கொண்டால், பார்க்கிறவர்களுக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.

வீதி விளக்குகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளியின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 2,000 கெல்வின். அதில் எல்லாச் சட்டையும் ஒரே நிறம். சிவப்புச் சேலையும் மண்ணிறமாகத்தான் படத்தில் விழும். இப்போது இடத்துக்கு இடம் வரும் எல்.ஈ.டி. விளக்குகளில் நிறங்கள் பிரிந்து தெரிகின்றன, மின்செலவும் குறைவு. ஆனால் நீலம் தூக்கலான, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை விளக்கைத் தேர்ந்தெடுத்தால் கம்பத்தடி பகலாகவும் அடுத்த பத்து யார் குருட்டிருட்டாகவும் ஆகிவிடும். வீதி விளக்குகள் 3,000 கெல்வினுக்கு மேற்படாமலும், ஒளி கீழ்நோக்கி விழும்படியும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. நம்முடைய மாநகர சபையும் பிரதேச சபைகளும் புதிய விளக்கு வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். எதிரே வருபவரின் முகம் தெரியும் வெளிச்சம் பெண்களுக்குப் பாதுகாப்பு. அதே வெளிச்சம்தான் நல்ல படத்துக்கும் வேண்டியது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இரவு வீதியைக் கமராவோடு சுற்றுபவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். ரியூசன் முடிந்து பிள்ளைகள் கூட்டமாய்ச் சைக்கிளில் வீடு திரும்பும் நேரத்தோடு பெண்களின் வீதி முடிந்துவிடுகிறது. இரவு ஒன்பது மணிக்குத் தனியாக ஒரு பெண் கமராவோடு பிரதான வீதியில் நின்றால் கேள்வி அவளுடைய வீட்டிலிருந்தே தொடங்கும். ஆண்கள் மட்டும் எடுத்துவைத்த இரவு பாதி இரவுதான். பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையும், பாடசாலைகளின் ஊடகக் கழகங்களும், ஊர் நூலகங்களின் வாசகர் வட்டங்களும் மாதத்துக்கு ஓர் இரவு கூட்டமாக நடந்து படம் எடுக்க ஒழுங்கு செய்தால், தனியாய்ப் போக முடியாதவர்களும் போகலாம். பண்ணையிலிருந்து மணிக்கூட்டுக் கோபுரம் வரை, கோபுரத்திலிருந்து ஆரியகுளம் வரை என்று ஆறேழு பேர் ஒன்றரை மணி நேரம் நடந்தால் போதும்.

நடக்கும்போது காக்க வேண்டிய மரியாதைகளும் உண்டு. கடைத் திண்ணையில் படுத்திருப்பவரை, குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரை, ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டிருப்பவரை எடுத்துவந்து முகநூலில் போடுவது களவுக்குச் சமம். முகம் தெரியும்படி எடுத்தால், எடுத்த பிறகாவது போய்க் காட்டி, போடலாமா என்று கேட்க வேண்டும். “அண்ணை, ஒரு படம் எடுத்தனான், பாருங்கோ” என்று சொன்னால் பெரும்பாலானோர் சிரிப்பார்கள். சிலர் அழிக்கச் சொல்வார்கள், அழித்துவிட வேண்டும். இராணுவ முகாம்களையும் காவலரண்களையும் எடுக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அதற்கு அப்பாற்பட்ட பொது வீதியில் நிற்கும் இளைஞரை, கமரா வைத்திருக்கிறார் என்பதற்காகவே பெயர், விலாசம் கேட்டு மறிப்பது நிற்க வேண்டும். படம் எடுப்பவரைச் சந்தேகத்தோடு பார்த்த காலத்தின் பழக்கம் அது. வீதியைத் திறந்தவர்கள் அதையும் கைவிட வேண்டும்.

எடுத்தவற்றைச் சேர்த்துவைப்பது கடைசி வேலை. அதிலேதான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். தொலைபேசி தொலைந்தால் படமும் தொலைந்தது என்ற நிலையில்தான் பலருடைய படங்கள் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கில் காப்பாற்றித் தந்திருக்கிறது. அதைப் போன்ற ஓர் இடத்தில் குடாநாட்டின் இரவுக்கென்று ஒரு தொகுப்புத் தொடங்க வேண்டும். அழகான படங்களைத் தெரிவு செய்யும் போட்டியாக அது ஆகிவிடக்கூடாது. ஒவ்வொரு படத்தோடும் இடம், திகதி, மணி, அன்று என்ன வெளிச்சம் இருந்தது என்ற நான்கு குறிப்புகள் இருந்தால், சுமாரான படத்துக்கும் இருபது ஆண்டுகளில் பெறுமதி வந்துவிடும். “ஸ்ரான்லி வீதி, இரவு 9.20, மழை விட்டுப் பத்து நிமிடம், எல்.ஈ.டி. விளக்கு போட்ட முதல் வாரம்” என்ற ஒரு வரி, அந்த வீதியின் வரலாற்றில் ஒரு வரியாகும்.

வலிகாமம் வடக்கில் இன்னும் மக்கள் கைக்கு முழுதாய் வராத காணிகளும் வீதிகளும் இருக்கின்றன. அவை விடுவிக்கப்படும்போது நேரக் கட்டுப்பாடும் படத் தடையும் இல்லாமல் விடுவிக்க வேண்டும் என்று கேட்பது அந்த ஊர்க்காரரின் உரிமை. அவர்களோடு சேர்ந்து கேட்பது மற்றவர்களின் கடமை. அப்படித் திறக்கும் முதல் இரவில் அங்கே வீதி விளக்கு இருக்காது. பற்றைக்குள் மறைந்த ஒரு கிணற்றுக்கட்டும், கூரையில்லாத ஒரு வீடும், அதன் முற்றத்தில் ரோச் லைற்றோடு எல்லைக்கல் தேடும் ஒரு கிழவரும் இருக்கலாம். அவருக்குப் பக்கத்தில், 6400 ஐ.எஸ்.ஓ.வில், பிளாஷ் அடிக்காமல், மூச்சை மெல்ல விட்டபடி ஒருவர் நிற்க வேண்டும்.